அரை சென்டிமீட்டர்

அடுப்பு மேடைக்குக் கீழே
சிலிண்டர் நின்ற அலமாரியை
நான்தான் அளந்தேன்.
தையல்காரி கை, தப்பாது என்று
குழந்தைவேல் மில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.
அகலம் அறுபத்தி ரெண்டு,
உயரம் எண்பத்தி ஐந்து.
மிஷின் அட்டையிலும் அதே எண்பத்தி ஐந்து.
பத்துப் பொருத்தம், என்றார்.

ஐந்து ரோட்டுக் கடையிலிருந்து
குகை வரைக்கும் குட்டியானையில் வந்து,
இரண்டு பேர் தோளில் மாடிப்படி ஏறி,
கதவு கழற்றிய அலமாரியின் முன்னால்
நின்றது.
நுழையவில்லை.

கடப்பாக் கல்லில் இடித்தது
சின்னச் சத்தம்தான்,
டவுன் பஸ்ஸில் தோளும் தோளும் படுகிற மாதிரி.
"அரை சென்டி இடிக்குதுங்கக்கா" என்றான் கபிலன்.
அவன் இடுப்பிலிருந்த இரும்பு டேப்
சர்ரென்று நாக்கை நீட்டி
எண்பத்தி நாலரை என்றது.

என் கழுத்தில் கிடந்ததை இழுத்துப் பார்த்தேன்.
முனையில் பித்தளைத் தகடு இல்லை.
எந்தத் தீபாவளி அவசரத்தில் விழுந்ததோ,
போகும்போது அரை சென்டியையும்
கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

இதை வைத்துத்தானே
இந்தத் தெருவின் தோள், கை, மார்சுற்றெல்லாம்
நோட்டில் எழுதினேன்.
ஒருத்தியும் வந்து சண்டை போடவில்லையே.
யோசித்தால் புரிந்தது:
இதே டேப்பில் உடம்பை அளந்து
இதே டேப்பில் துணியை வெட்டியிருக்கிறேன்.
பொய்யும் பொய்யும் பொருந்தி
சௌந்தரவல்லி டீச்சருக்கு
கச்சிதமாக ரவிக்கை ஆகியிருக்கிறது.
எங்கேயோ வேறு யாரோ அளந்த பொருள் ஒன்று
வீட்டுக்குள் வரும்வரை
அரையைக் காணோம் என்றே தெரியவில்லை.

கீழ்வீட்டு ராஜமாணிக்கம்
கொலுசுக்குப் பற்றவைப்பதை நிறுத்திவிட்டு
படியில் நின்றே சொன்னார்:
"கல்லுல கை வெச்சா
நான் அட்வான்ஸ்ல கை வெப்பேன்."
சின்னப்பையன் ஆசாரி தரையைச் செதுக்கலாம் என்றார்.
மரத்தைத் தவிர எதையும் செதுக்கச் சொல்வார் அவர்.
குழந்தைவேல் மட்டும்
மிஷினின் நாலு காலையும்
முன்பே முழுக்கத் திருகிய காலை
இன்னும் திருகிக்கொண்டிருந்தார்.

தட்டுவடை செட் ஒரு பொட்டலம் முடிந்ததும்
கபிலன் கையைத் துடைத்தான்.
"மேல்மூடியைக் கழட்டிரலாம்கா.
கடையில மட்டும் சொல்லிராதீங்க."
பின்னால் இரண்டே திருகாணி.

உள்ளே எட்டிப் பார்த்தேன்.
வயர், குழாய், ஸ்பிரிங்,
நடுவில் ஒரு சிமெண்டுக் கல்.
இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்குள் சிமெண்டுக் கல்!
"அது இல்லீனா குதிச்சு ஓடிருங்க்கா."
இந்த வீட்டில் அந்தக் கல் யாரென்று
ஒரு நிமிஷம் யோசித்தேன்.
அவரும் யோசித்திருப்பார் போல,
என்னைப் பார்த்துவிட்டு மறுபடி காலைத் திருகினார்.

மூடி போனதும் வழுக்கிக்கொண்டு நுழைந்தது.
கடப்பாக் கல்தான் இனிமேல் மூடி.
கல்லின் இடுக்கெல்லாம் எம்சீல் அடைத்து
"மாவைச் சிந்தாதே" என்று
எனக்கு ஒரு சட்டம் போட்டார்.

ராத்திரி மேட்டூர்த் தண்ணீர் வந்தது.
ஜவ்வரிசி மில்லின் மாவு படிந்து
கஞ்சி போடாமலே விறைக்கும் சட்டைகள்
முதலில் போயின.
கடைசிச் சுற்றில்
மேடைமேல் இருந்த ரசத்தில்
சின்னச் சின்ன வட்டம் விழுந்தது. அவ்வளவுதான்.
இடம் பறிகொடுத்த சிலிண்டர்
பால்கனிக் கதவோரம்
உட்காரச் சொல்லாத விருந்தாளியாக நிற்கிறது.

நாளைக்கு டீச்சர் வருவார், மகள் கல்யாண ரவிக்கைக்கு.
புது டேப் வாங்கிவிட்டேன்.
ஆனால் நோட்டில் உள்ள எண்களெல்லாம்
பழைய டேப்பின் பாஷை.
ஒரே ஆணியில் இரண்டையும் மாட்டியிருக்கிறேன்.

கழற்றிய மூடியைத்தான்
என்ன செய்வதென்று தெரியவில்லை.
இப்போதைக்கு அதன்மேல்
ஊக்கு டப்பாவும், பாதி வெட்டிய ஒரு கையும்.